பசி வேறு, பட்டினி வேறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்து, ராத்திரி சாப்பிட்ட பிறகு படித்தால் போதும்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. பாலைவனத்தில் ஓர் அரபுக்காரர் கையுறை போட்ட கையை நீட்டுகிறார். வானத்தில் புள்ளியாகத் தெரிந்த வல்லூறு பாய்ந்து வந்து அந்தக் கையில் உட்காருகிறது. பார்க்க அழகுதான். அதன் கீழே நம் உறவினர் ஒருவர், எனக்குத் தம்பி முறை, இப்படி எழுதியிருந்தார்: "பட்டினி போட்டுத்தான் இதைப் பழக்குகிறார்கள். பிள்ளைகளையும் இப்படி வளர்த்தால்தான் சொன்ன பேச்சு கேட்கும். காலையில் சோறு, மத்தியானம் சோறு, முட்டை என்று போட்டுப் போட்டுத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கெட்டுப்போனது." அதற்குக் கைதட்டும் பொம்மைகள் நிறைய. போட்டவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருந்தார்கள்.

அங்கேயே இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இந்த வல்லூறு விஷயத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதனால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு வருஷம் முன்பு மார்கழி, தை இரண்டு மாதமும் அபுதாபியில் மகன் வீட்டில் இருந்தேன். அங்கே என்னிடம் நான்காம் வகுப்பு படித்த பையன் ஒருவன் இருக்கிறான். பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது நாற்பது வயது. முதலில் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் இருந்தான். பிறகு ஓட்டுநராகப் போய், இப்போது முதலாளியின் வல்லூறுகளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களில் ஒருவனாக இருக்கிறான். "டீச்சர், ஒரு நாள் விடியக்காலையில வாங்க, எடை போடுறதப் பாக்கலாம்" என்று கூட்டிப்போனான்.

குளிர்சாதனம் போட்ட ஓர் அறை. மணல் பரப்பிய தரை. கட்டை கட்டையாக நட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பறவை. கண்ணை மறைத்துத் தோல் தொப்பி. அதற்கு அங்கே புர்கா என்றே பெயர். ஓரத்தில் ஒரு மின்தராசு. நம் மளிகைக் கடையில் இருப்பதுதான், தட்டுக்குப் பதிலாக மேலே பறவை உட்கார ஒரு கட்டை பொருத்தியிருக்கிறது. ஒவ்வொரு பறவையாகக் கையில் ஏற்றி அந்தக் கட்டையில் விடுகிறார்கள். எண் நிற்கிறது. நோட்டில் எழுதுகிறார்கள்.

அந்த நோட்டைத்தான் நான் வாங்கிப் பார்த்தேன். ஆசிரியர் புத்தி எங்கே போகும்? ஒரு பறவைக்கு ஒரு நோட்டு. தேதி, காலை எடை, நேற்றுக் கொடுத்த இறைச்சி எத்தனை கிராம், குளிரா வெயிலா, எத்தனை தூரம் பறந்தது, கூப்பிட்டதும் வந்ததா யோசித்து வந்ததா என்று வரிசையாகக் கட்டம். நம் வருகைப் பதிவேட்டைவிட ஒழுங்காக இருந்தது. "பண்ணையில ஆயிரம் கோழிக்குப் பத்து இருபத எடை போட்டுச் சராசரி எடுப்போம் டீச்சர். இங்க ஒரு பறவைக்கே ஒரு ரிஜிஸ்டர்" என்று சிரித்தான்.

அன்று தராசில் ஏறியது சேக்கர் வகைப் பெண் பறவை. வல்லூறு இனத்தில் பெண்தான் பெரியது. ஆண் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். தராசு ஆயிரத்துப் பன்னிரண்டு கிராம் காட்டியது. நோட்டில் அதற்கு வட்டமிட்டு வைத்திருந்த எண் 980. "முப்பது கூட இருக்கு. இன்னிக்கு விட்டா மின்கம்பத்துல போய் உக்காந்துக்கும், நம்மள மதிக்காது. சாயங்காலம் கொஞ்சமா குடுத்து நாளைக்கு விடுவோம்" என்றான்.

வட்டமிட்ட அந்த எண்ணுக்குப் பெயர்தான் பறக்கும் எடை.

நாய், மாடு போல வல்லூறு நம்மிடம் பாசம் வைத்து வருவதில்லை. அடித்தால் பணிவதும் இல்லை. ஒரு தரம் மிரட்டினால் போதும், அப்புறம் அந்தக் கைக்கு அது வரவே வராது. கையில் சாப்பாடு இருக்கிறது, வயிற்றில் கொஞ்சம் பசி இருக்கிறது என்பதால்தான் வருகிறது. வயிறு நிறைந்த வல்லூறு காட்டிலும் அப்படித்தான், மரக்கிளையில் ஒற்றைக் காலில் நின்று நாள் முழுக்கச் சும்மா இருக்கும். அதனால் பழக்குகிறவர் முதலில் பறவையை நன்றாகத் தின்ன விட்டு அதன் முழு எடையைத் தெரிந்துகொள்கிறார். பிறகு நாளுக்குச் சில கிராமாகக் குறைத்துக்கொண்டே வந்து, எந்த எடையில் அது ஆர்வமாகக் கைக்குத் தாவுகிறது என்று பார்க்கிறார். பெரும்பாலும் முழு எடையில் பத்தில் ஒரு பங்கு குறையும்போதே அந்த இடம் வந்துவிடும். சில பறவைகளுக்கு இன்னும் கொஞ்சம் குறைய வேண்டியிருக்கும். முதலில் ஒரு சாண் தூரம் தாவும், பிறகு ஒரு முழம், பிறகு காலில் நீளக் கயிறு கட்டி மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து வரும். கயிற்றோடு தவறாமல் வந்தால்தான் ஒரு நாள் கயிற்றை அவிழ்ப்பார்கள்.

அவ்வளவுதானே, பட்டினி போட்டுத்தானே பழக்குகிறார்கள் என்பீர்கள். அங்கேதான் தம்பி பாதியில் நிறுத்திவிட்டார்.

நான் அந்தப் பையனிடம் கேட்டேன்: "இன்னும் ஐம்பது கிராம் குறைச்சா இன்னும் வேகமா வருமில்ல?" அவன் பதறிப்போனான். "ஐயோ, அப்படிச் செய்யவே கூடாதுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த வயதான பாகிஸ்தான்காரரைக் கூப்பிட்டான். அவர் மூன்று தலைமுறையாக இந்தத் தொழில் செய்கிறவர். அவர் இந்தியில் சொன்னதை இவன் எனக்குத் தமிழில் சொன்னான்.

விஷயம் இதுதான். எடை கூடிய பறவை மெதுவாக வரும், யோசிக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எடை மிகவும் குறைந்த பறவையும் மெதுவாகத்தான் வரும், யோசிக்கும், கண்ணை மூடிக்கொள்ளும். ஒன்றுக்குத் திமிர், இன்னொன்றுக்குப் பலமில்லை. பழக்கமில்லாதவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். "பிடிவாதம் பிடிக்கிறது, இன்னும் குறை" என்று சாப்பாட்டைக் குறைப்பான். மறுநாள் இன்னும் மெதுவாக வரும். இன்னும் குறைப்பான். மூன்றாம் நாள் காலையில் கட்டைக்குக் கீழே விழுந்து கிடக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் கையில் பறவை சாவது பெரும்பாலும் இப்படித்தானாம்.

அதனால்தான் தராசு. தராசோடு விரலும். பறவையின் மார்பு நடுவில் படகின் அடிக்கட்டை போல ஓர் எலும்பு ஓடுகிறது. இரண்டு பக்கமும் சதை உருண்டு இருந்தால் நல்லது. விரலுக்குக் கத்தி முனை போலத் தட்டுப்பட்டால் ஆபத்து. தராசு வருவதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் விரல்தான் தராசு. அந்தப் பெரியவர் இன்றைக்கும் எண்ணைப் பார்த்துவிட்டு விரலால் தடவியும் பார்க்கிறார். இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் எழுத விடுகிறார்.

இன்னொன்றும் சொன்னார். வட்டமிட்ட எண் நிலையானது இல்லை. பறந்து பறந்து மார்புச் சதை கூடும்போது, கொழுப்பு இல்லாமலே எடை கூடும். அப்போது பழைய எண்ணிலேயே பிடித்து வைத்தால் பறவை உண்மையில் பட்டினி கிடக்கிறது. குளிர் நாளில் ராத்திரியிலேயே நிறைய கரைந்துவிடும், கூடக் கொடுக்க வேண்டும். கைதேர்ந்தவருக்கு அடையாளம், எவ்வளவு அதிக எடையில் பறவையைப் பறக்கவிட்டுத் திரும்ப வரவழைக்க முடிகிறது என்பதுதானாம். குறைத்துக் குறைத்து வரவழைக்க எவனாலும் முடியும் என்றார். எனக்கு அந்தப் பேச்சு மனதில் அப்படியே தங்கிவிட்டது.

இது இன்று நேற்று வந்த வித்தையும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் கல்யாணி சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசத்தில், அரசர்களின் பொழுதுபோக்குகளில் ஒன்றாக வல்லூறு விடுவதற்கும் ஒரு பகுதி இருக்கிறது. அக்பரின் அரண்மனை நடைமுறைகளை எழுதிய அபுல் ஃபசல், அயினி அக்பரியில் எந்தப் பறவைக்கு எவ்வளவு இறைச்சி என்று கணக்கே கொடுத்திருக்கிறார். தாம் என்ற செப்புக்காசின் எடையில் அளந்திருக்கிறார்கள். ஒரு தாம் ஏறக்குறைய 20 கிராம். பெரிய பாஸ் பறவைக்கு ஏழு தாம், நம் ஊர் வைரிக்கு இரண்டு தாம். சாயங்காலம் சிட்டுக்குருவியும் உண்டு, பெரியதற்கு ஏழு, சின்னதற்கு இரண்டு. (குருவிகள் பாவம், அது வேறு கதை.) காஷ்மீரிலும் வேறு இடங்களிலும் ஒரு வேளைதான் தீனி, அரசவையில் இரண்டு வேளை என்றும் எழுதியிருக்கிறார். பேரரசன் வீட்டுப் பறவைக்குக்கூட அளவு இருந்தது. அந்த அளவில் குறைவு இல்லாமல் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருந்தது.

நமக்குப் பக்கத்துச் சங்கதி ஒன்றும் உண்டு. 1948 முதல் 1952 வரை சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக இருந்தவர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி. குஜராத்தில் அவர்கள் சமஸ்தானம் வல்லூறு பழக்குவதற்குப் பேர்போனது. அவருடைய தம்பி தர்மகுமார்சிங்ஜி பறவை அறிஞர், சௌராஷ்டிரப் பறவைகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர், தாமே வல்லூறு வளர்த்தவர். பிறகு 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு நம் நாட்டில் காட்டு வல்லூறையோ வைரியையோ பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். அது நல்லதற்குத்தான். வெளிநாடுகளில் பலவற்றில் இது இன்றும் சட்டப்படி நடக்கிறது. 2010இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தில் விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தில் புறாவை விரட்டுவதற்கு ரூஃபஸ் என்று ஒரு பருந்தைப் பல வருஷமாகப் பறக்கவிட்டார்கள், சிலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். அதுவும் தராசில் ஏறித்தான் வேலைக்குப் போகும்.

அங்கே இந்தப் பறவைகளுக்கு முக்கியத் தீனி என்ன தெரியுமா? முட்டைக் கோழிப் பொரிப்பகங்களில் முட்டை போடாது என்று கழிக்கிற ஒரு நாள் ஆண் குஞ்சு. நாமக்கல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் சாயம் பூசிக் கூடையில் விற்க வருமே, அதே குஞ்சுதான்.

இவ்வளவும் ஊர் உலகக் கதை. இனி வாழப்பாடிக் கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் சித்திரையில், கோடை மழையோடு பெருங்காற்று அடித்ததே, அதற்கு ஒரு வாரம் கழித்து எங்கள் தெருக் கோடி வீட்டு அம்மா ஓடி வந்தார். "டீச்சர், எம் பேரன் என்னமோ குருவி புடிச்சு வெச்சிருக்கான், அது சாகப் போவுதுங்க. சொன்னா கேக்க மாட்டேங்கறான். நீங்க வந்து சொல்லுங்க." பேரன் எட்டாம் வகுப்பு. கெட்டிக்காரன். எந்த மரத்தில் எந்தக் குருவி கூடு கட்டியிருக்கிறது என்று அவனுக்கு மனப்பாடம்.

போய்ப் பார்த்தால் மாட்டுக் கொட்டகையில் ஒரு செருப்பு அட்டைப்பெட்டி. உள்ளே வைரிக் குஞ்சு. நம் பக்கம் பொதுவாக வல்லூறு என்றே சொல்லிவிடுவோம், கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும் சின்னப் பருந்து. இறகு முளைத்து, வால் இன்னும் முழுதாக வளராத பருவம். பாக்குத் தோப்பு ஓரத்துப் புளியமரத்திலிருந்து காற்றில் விழுந்திருக்கிறது. கண்ணைப் பாதி மூடி, இறகைச் சிலுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"என்னடா சாமி குடுத்தே?"

"மொதல்ல பாலும் ரொட்டியும் வெச்சேன் டீச்சர். தின்னல. அப்பறம் வீடியோவுல எடையக் கொறச்சாத்தான் கைக்கு வரும்னு போட்டிருந்தாங்க. அதான் மூணு நாளா ஒண்ணும் குடுக்கல. நாளைக்கு வந்துரும்னு நெனைக்கறேன். இப்ப கொஞ்சம் அடங்கிருச்சு பாருங்க."

அடங்கிவிட்டது என்றான். எனக்கு அந்தப் பாகிஸ்தான் பெரியவர் சொன்னது காதில் கேட்டது.

பையனையும் குறை சொல்ல முடியாது. ஒரு நோட்டுப் போட்டிருந்தான். விழுந்த அன்று மளிகைக் கடைத் தராசில் வைத்து 120 கிராம் என்று எழுதியிருந்தான். அதன் பிறகு கடைக்காரர் விரட்டிவிட்டதால் எடை இல்லை. எனக்குச் சர்க்கரை வந்த பிறகு அரிசியை அளந்து போடச் சொல்லி மகள் வாங்கிக் கொடுத்த சின்னத் தராசு வீட்டில் இருந்தது. எடுத்து வரச் சொன்னேன். பெட்டியோடு வைத்தோம், 214. பறவையைத் துண்டில் சுற்றி எடுத்துவிட்டு வெறும் பெட்டியை வைத்தோம், 126. "கழிடா" என்றேன்.

கழித்தான். 88.

"நூத்தியிருவதுல எவ்வளவு போச்சு?"

"முப்பத்திரண்டு... கால் பங்குக்கு மேல டீச்சர்."

சொல்லும்போதே அவன் முகம் மாறியது. அவன் விரலைப் பிடித்து மார்பு எலும்பின் மேல் மெதுவாக வைத்தேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அறுபது கிலோ ஆள் ஒரே வாரத்தில் பதினாறு கிலோ இளைத்தால் எப்படி இருப்பான் என்று மட்டும் கேட்டேன். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

உடனே இறைச்சி வாங்கி வருகிறேன் என்று ஓடப் பார்த்தான். பிடித்து நிறுத்தினேன். அவ்வளவு இளைத்த உடம்புக்குச் சட்டென்று இறைச்சி போட்டால் செரிக்காது, அதிலேயே செத்துப்போகும். முதலில் சூடும் நீர்ச்சத்தும்தான், அதையும் தெரிந்தவர்தான் கொடுக்க வேண்டும். வனத்துறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன். யாரென்று உங்களில் பலருக்குத் தெரியும், பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். பையனைத் திட்டவில்லை. சட்டம் இப்படி என்று அவனுக்கும் பாட்டிக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லி, பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனான். ராத்திரி முழுக்க சொட்டுச் சொட்டாக நீர் கொடுத்து, மறுநாள்தான் பட்டாணி அளவு இறைச்சி கொடுத்தார்களாம். நாலாம் நாள் தானாகக் கிழித்துத் தின்றது என்று செய்தி வந்தது. பையன் தினமும் சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்து "இன்னிக்கு எத்தன கிராம் டீச்சர்?" என்று கேட்டுப்போவான். 94, 101, 109 என்று அவன் நோட்டில் ஏறிக்கொண்டே வந்தது.

மூன்று வாரம் கழித்து வனத்துறை மாணவன் ஒரு படம் அனுப்பினான். குஞ்சின் வால் நன்றாக வளர்ந்து விரிந்திருந்தது. ஆனால் வால் இறகுகள் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில், அளவுகோல் வைத்துக் கிழித்தது போல ஒரு மெல்லிய வெளிர்க்கோடு. அது என்னவென்று அபுதாபியிலேயே கேட்டிருக்கிறேன். இறகு வளரும் நாளில் பறவை பட்டினி கிடந்தால், அந்த நாளில் வளர்ந்த இடம் மட்டும் நைந்து போகும். குஞ்சுக்கு எல்லா இறகும் ஒன்றாக வளர்வதால் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் விழும். பிறகு என்ன தீனி போட்டாலும் அந்தக் கோடு அழியாது. அடுத்த இறகுதிர்ப்பு வரை அப்படியே இருக்கும். அந்த இடத்தில் இறகு முறியவும் கூடும். அதனால்தான் இறகு உதிர்த்து முளைக்கும் மாதங்களில் வல்லூறுகளை யாரும் பறக்கவிடுவதில்லை. வயிறு முட்டத் தீனி போட்டுச் சும்மா வைத்திருப்பார்கள்.

படத்தைப் பெரிதாக்கி அந்தப் பையனிடம் காட்டினேன். கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். "மூணு நாளு" என்றான்.

இப்போது தம்பிக்கு.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1981இல், அருநூற்றுமலை அடிவாரத்தில் ஓராசிரியர் பள்ளி. காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவு இருந்தாலும், எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் எல்லா நாளும் என்ற நிலைமை இல்லை. பதினோரு மணிக்கு மேல் முன்வரிசையில் இரண்டு தலையாவது மேசையில் சாயும். எனக்கு மூத்த ஆசிரியர் ஒருவர் ஆய்வுக்கு வந்தபோது, அப்படிச் சாய்ந்த ஒரு பையனைக் காதைத் திருகி எழுப்பி, "சோம்பேறி" என்றார். அவன் முந்தின நாள் மத்தியானம் குச்சிக்கிழங்கு தின்றவன், அப்புறம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் வகுப்பு தொடங்கும் முன் "என்ன சாப்பிட்டே?" என்று கேட்பது என் வழக்கம். ஆசிரியர் பயிற்சியில் கற்றுக் கொடுத்த குழந்தை உளவியல் எல்லாம் மறந்துபோனாலும், இந்தக் கேள்வி மட்டும் ஓய்வு பெறும் நாள் வரை மறக்கவில்லை. காது சிவந்துபோய் எழுந்து நின்ற பையன் மறுபடியும் சாய்ந்தான். ஆய்வாளர் அதைப் பிடிவாதம் என்று எழுதிக்கொண்டார்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அது முதல் வருஷத்திலேயே எங்கள் பள்ளிக்கு வந்தது. நான் புள்ளிவிவரம் சொல்லப்போவதில்லை. என் கண்ணால் பார்த்தது ஒன்றுதான்: பதினோரு மணித் தூக்கம் உடனே போகவில்லை, ஏனென்றால் சோறு மத்தியானம்தான். பன்னிரண்டரைக்குப் பிறகு நடத்திய பாடம்தான் ஏறியது. கணக்கைக் காலையில் வைத்திருந்தவள் மத்தியானத்துக்கு மாற்றினேன். பாடப்புத்தகத்துக்கு ஏற்ற நேரம் எது என்று எனக்குச் சொன்னது அந்தச் சோற்றுப் பானை. 2022இல் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருஷமே மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. நான் ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் எங்கள் தெருப் பள்ளிக்குப் போய், எட்டரை மணிக்கு உப்புமா தின்னும் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பதினோரு மணிப் பிள்ளைகள் இன்றைக்குத் தாத்தா பாட்டி ஆகும் வயதில் இருக்கிறார்கள்.

அங்கன்வாடியில் கூரையிலிருந்து தொங்குமே ஒரு வட்டத் தராசு, ஜட்டி போன்ற துணியில் குழந்தையை உட்கார வைத்து எடை போடுவார்கள். உங்களில் பலர் அதில் தொங்கி அழுதவர்கள்தான். எடையை ஓர் அட்டையில் புள்ளி வைப்பார்கள். புள்ளி கீழே இறங்கினால் அந்தக் குழந்தைக்குச் சத்துமாவு கூடுதல். வல்லூறுக்காரன் தராசும் அந்தத் தராசும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டும் "இதற்குக் கீழே போகாதே" என்று பெரியவர்களுக்குச் சொல்வதற்காக இருப்பவை.

ஒரு வித்தியாசமும் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பறவைக்கு அந்தக் கை ஒரு சாப்பாட்டுத் தட்டு, அவ்வளவுதான். அதைத் தாண்டி அதற்கு நம்மிடம் ஒன்றும் வேண்டாம், அதனால் பசியைத்தான் பிடித்துக்கொள்ள முடிகிறது. பிள்ளைகள் அப்படியா? "டீச்சர், இது ஏன் இப்படி?" என்று கேட்டுக்கொண்டு தானாக வருகிறது. அதுவும் சாப்பிட்ட பிறகுதான் அதிகமாகக் கேட்கும். வராத பிள்ளைக்கு வேறு காரணம் இருக்கும், அதைத் தேட வேண்டும்.

நான்காம் வகுப்பில் சிபிச் சக்கரவர்த்தி கதை நடத்துவேன், ஞாபகம் இருக்கிறதா? சோழர்களுக்குச் செம்பியன் என்ற பெயரே அவன் வழியில் வந்தவர்கள் என்பதால்தான். புறாவுக்கு ஈடாகத் தன் சதையை அறுத்துத் தராசில் வைத்த கதை. எல்லாப் பிள்ளைகளும் புறா பக்கம்தான் இருப்பார்கள். ஒரு வருஷம் ஒரு பெண் மட்டும் எழுந்து, "பருந்துக்கும் பசிக்குதுதானே டீச்சர், அது பொய் சொல்லலியே?" என்று கேட்டாள். அந்தப் பெண் இப்போது பெங்களூரில் இருக்கிறாள், இதைப் படிப்பாள். ராஜாவும் அதைத்தான் நினைத்தார் என்று பதில் சொன்னேன். புறாவை விடமாட்டேன் என்று சொன்னவர், பருந்தைப் பார்த்துப் பட்டினி கிட என்று சொல்லவில்லை.

வைரிக் குஞ்சு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழக்குகிறவன் செய்வதைத் தலைகீழாகச் செய்தார்கள். மலையோரத்தில் ஓர் உயரமான மேடையில் கூண்டைத் திறந்து வைத்து, தினமும் அதே இடத்தில் இறைச்சி வைத்தார்கள். முதலில் தினமும் வந்து தின்றது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். வேட்டையாடக் கற்றுக்கொள்ளும் வரை பசியில் தவிக்கக் கூடாது என்பதற்காக, வராத நாளிலும் வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆனி மாதக் கடைசியில், நாலு நாளாக இறைச்சி அப்படியே இருக்கிறது, எறும்புதான் தின்கிறது என்று செய்தி அனுப்பினான். பையன் நோட்டில் கடைசி எடை 131.

இந்தக் கோடையிலும் காற்று வரும், குஞ்சுகள் விழும். விழுந்தது நன்றாக இருந்தால், கையில் எடுத்து அதே மரத்தில் ஒரு கிளையிலோ கூடையிலோ வைத்துவிட்டுத் தள்ளி வந்துவிடுங்கள். தாய் வந்து தீனி கொடுக்கும், மனிதர் தொட்டால் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. அடிபட்டிருந்தால் காற்று ஓட்டையுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, சூடாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். பால் வேண்டாம், சோறு வேண்டாம், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது.

வைரி கூடு இருக்கும் மரம் யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பேளூர்ப் பக்கம், புழுதிக்குட்டைப் பக்கம் எங்கே இருந்தாலும் சரி. பையனுக்குப் பரீட்சை முடிகிறது. அவனையும் கூட்டிக்கொண்டு வந்து கீழே நின்று பார்த்துவிட்டுப் போகிறோம்.

— உங்கள் டீச்சர், வாழப்பாடி